தண்ணிக்கு விட்ட காணி: மன்னார்க் கரையில் நாம் படிக்க வேண்டிய பாடம்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்களைப் போன்ற நலன்புரி உத்தியோகத்தர்களுக்கு ஒரு வேலை கட்டாயம் வரும். ஆபத்தான இடத்தில் இருக்கும் லயங்களுக்குப் போய், "சாமான் சட்டிய கட்டிக்கிட்டு இன்னைக்கு ராத்திரி ஸ்கூலுக்கு எறங்கிடுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னவுடன் யாரும் எழும்புவதில்லை. பயம் இல்லாமல் அல்ல. வேறொரு பயம் இருக்கிறது. ஒரு வயதான அம்மா எங்களிடம் கேட்டார்: "ஐயா, நாங்க எறங்கிட்டா இந்த எடம் யாருக்குப் போகும்? எங்களுக்கு வேற எடம் யாரு குடுப்பா?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் ஒரு குடும்பத்தை அசைக்க முடியாது. உலகத்தில் பல இடங்களில் வெள்ளம் வரும் நிலத்தை அரசாங்கமே விலைக்கு வாங்கி, அங்கே இருந்தவர்களை மேட்டு நிலத்தில் குடியேற்றி, வாங்கிய நிலத்தை வெட்டவெளியாக விட்டிருக்கிறது. இது நல்ல வழியா, இதில் என்ன தவறு நடக்கும், நமக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை இந்த மாதம் படிப்போம். படிக்க எடுத்துக்கொண்ட இடம் மன்னார்த் தீவும் அதன் கரையும்.

மன்னார் நமக்குத் தூரத்து ஊர் அல்ல

"நாம மலையில இருக்கோம், மன்னார் கடல்ல இருக்கு" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நமது பாட்டன் பூட்டன்மார் பலர் இந்த நாட்டில் முதலில் கால் வைத்த மண் மன்னார் மண்தான். ஆரம்பத்தில் தோணியில் வந்து இறங்கி, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளைப் பக்கம் நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இரு பக்கமும் ரயிலும் ஓடத் தொடங்கின. அதன்பின் அதுவே நமது ஆட்கள் வந்து போகும் வாசலாக இருந்தது.

இன்றும் ஆவணி மாதம் மடுத் திருவிழாவுக்கும், மாசியில் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்கும் தோட்டங்களிலிருந்து ஆட்கள் போகிறார்கள். கலவரக் காலங்களில் மலையை விட்டுப் போன நமது உறவுகள் வவுனியா, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கங்களில் குடியிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடம் சொந்தக்காரர் வீட்டுக் கதை போன்றது.

ஆனால் ஒன்று. மடுவுக்குப் போகிறவர்கள் ஆவணியில் போகிறார்கள். அப்போது மன்னார்த் தரை வெடித்துக் காய்ந்து கிடக்கும். "இவ்வளவு வெட்டாந்தரை சும்மா கெடக்கே, ஒரு பத்து பேர்ச் வாங்கிப் போட்டா என்ன?" என்று தோன்றும். அதே இடத்தைக் கார்த்திகை, மார்கழியில் பார்த்தால்தான் அது காணியா, குளமா என்று தெரியும்.

மன்னார்த் தரையும் தண்ணியும்

மன்னார்த் தீவு ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. முழுவதும் மணலும் சமதரையும்தான். மலை இல்லை, ஆறு இல்லை. வடகீழ் பருவமழைக் காலமான ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டும். நமது மலையில் தண்ணீர் சரிவில் ஓடிவிடும். அங்கே ஓட வழியில்லை. பள்ளத்தில் தேங்கி, மணலில் ஊறி, மிச்சம் மெதுவாக வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும்.

தீவுக்கு எதிரே உள்ள பெருநிலத்தில் வேறு பிரச்சினை. அனுராதபுரப் பக்கத்திலிருந்து வரும் மல்வத்து ஓயாவை மன்னார் மக்கள் அருவி ஆறு என்பார்கள். 164 கிலோமீட்டர் ஓடி, அரிப்புப் பக்கம் கடலில் விழுகிறது. கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் கொடுப்பதும் இந்த ஆறுதான். மேலே மழை பெய்தால், மன்னாரில் வெயில் அடித்தாலும் நானாட்டான், முசலிப் பக்கம் வெள்ளம் வரும். மூன்றாவது, புயல் காலத்தில் கடலே மேலே ஏறுவது. இப்படி மழைத் தண்ணி, ஆற்றுத் தண்ணி, கடல் தண்ணி என்று மூன்று தண்ணியும் ஒரே தாழ்நிலத்தைத் தேடி வருகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மன்னாரின் தாழ்நிலங்கள் நீரில் நின்றதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே போடுவார்கள். ஒரு ஏக்கர் பள்ளத்தில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 12 லட்சத்து 33 ஆயிரம் லீட்டர். பத்தாயிரம் லீட்டர் பவுசரில் ஏற்றினால் 123 பவுசர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லீட்டர். அப்படியென்றால், ஒரு அடி ஆழமுள்ள ஒரு ஏக்கர் பள்ளம் மூன்று ஏக்கரில் பெய்த மழையைத் தாங்கிக்கொள்ளும். சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கும் பள்ளம் உண்மையில் சும்மா கிடக்கவில்லை. ஊருக்கு வேலை செய்கிறது.

இப்போது அந்தப் பள்ளத்தில் ஒருவர் ஏழு பேர்ச் காணி வாங்கி, ஒரு அடிக்கு மண் கொட்டி வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இடத்தில் நிற்க வேண்டிய 54,000 லீட்டர் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரரும் மண் கொட்டினால் அடுத்த வீட்டுக்குப் போகும். கடைசியில் மண் கொட்டக் காசு இல்லாத வீட்டில்தான் எல்லாத் தண்ணியும் நிற்கும். வெள்ளம் எப்போதும் ஏழையின் வாசலில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மன்னாரில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். காற்றாடிகளுக்காகப் போட்ட மேட்டுப் பாதைகள் மழைநீர் போகும் வழியை மறித்துவிட்டன, முன்பு நிற்காத இடத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது என்று தீவு மக்கள் சொல்லி வருகிறார்கள். புதிய காற்றாலைகளுக்கும், கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மன்னார் நகரில் தொடர் போராட்டம் நடத்தினார்கள். மின்சாரமும் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் பார்க்காமல் மண்ணைத் தொடக்கூடாது என்பதே அந்த மக்களின் பேச்சில் நாம் கேட்க வேண்டியது.

தனுஷ்கோடி: நிலத்தை விட்டார்கள், மனிதரையும் விட்டார்கள்

தலைமன்னாருக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வந்த பெரும் புயல் மன்னாரையும் அடித்தது, தனுஷ்கோடியையும் அடித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் வண்டியைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. ரயில் நிலையம், தபால் கந்தோர், சுங்கம், கோவில் எல்லாம் போயின. நமது ஆட்கள் கப்பல் மாறிய துறைமுகம் ஒரே இரவில் இல்லாமல் போனது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தானது. அதாவது புயலுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னர். அந்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன நமது சொந்தங்கள் 1984 வரை அந்தக் கப்பலில்தான் போனார்கள்.

புயலுக்குப் பிறகு மதராஸ் அரசாங்கம் தனுஷ்கோடியை மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்று அறிவித்தது. அறிவிப்பு சரியானதே. ஆனால் கொஞ்ச காலத்தில் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து, இடிந்த சுவர்களுக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டன. அவர்களுக்குத் தொழில் அந்தக் கடலில்தான். நிலம் சட்டத்தில் வெறுமையாக இருந்தது, உண்மையில் வெறுமையாக இல்லை. தகாத இடத்தில் இருப்பதால் மின்சாரம், நல்ல தண்ணீர் போன்ற வசதியும் பல காலம் எட்டவில்லை. இங்கே முதல் பாடம்: "இங்கே இருக்காதே" என்று பலகை நாட்டினால் மட்டும் நிலம் வெறுமையாகாது. அந்த மனிதர் எங்கே போவார், எதைச் செய்து சாப்பிடுவார் என்பதையும் சொல்ல வேண்டும்.

2004க்குப் பின் நம் நாட்டில் நடந்தது

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. மன்னாரை அது பெரிதாகத் தொடவில்லை. ஆனால் அதன்பின் வந்த சட்டம் கரையோரம் முழுவதற்கும் வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. நோக்கம் நல்லதே. அடுத்த அலை வந்தால் ஆட்கள் சாகக்கூடாது.

ஆனால் அந்த நிலத்தை யாரும் விலைக்கு வாங்கவில்லை. உறுதி வைத்திருந்தவர் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரத்தில் இருந்தார். கடலுக்குத் தூரத்தில் கொடுத்த வீடுகளிலிருந்து மீனவர் வலையும் வள்ளமும் பார்க்க முடியவில்லை. ஹோட்டல்களுக்கு ஒரு சட்டம், குடிசைக்கு ஒரு சட்டமா என்ற கேள்வியும் வந்தது. ஒரு வருடம் முடிவதற்குள் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இரண்டாவது பாடம்: தடை போடுவது மலிவு, ஆனால் நிலைக்காது. நிலத்தை ஊருக்காக எடுப்பதென்றால் அதற்கு உரிய விலையை ஊர் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை ஒரு குடும்பத்தின் தலையில் போடக்கூடாது.

விலைக்கு வாங்கியவர்கள் எப்படிச் செய்தார்கள்?

அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றோரம் இருந்த வால்மேயர் என்ற சிறு ஊர் முழுவதும் மூழ்கியது. சுமார் 900 பேர் இருந்த ஊர். அதே இடத்தில் திரும்பக் கட்டுவதற்குப் பதிலாக, அரசாங்கம் வீடுகளை விலைக்கு வாங்கியது. ஊரார் பக்கத்து மேட்டு நிலத்தில் அதே பெயரில் ஒரு புது ஊரைக் கட்டிக்கொண்டார்கள். அந்த நாட்டில் இந்த ஏற்பாட்டுக்குச் சில விதிகள் இருக்கின்றன. விற்பதும் விற்காததும் வீட்டுக்காரர் விருப்பம். வெள்ளத்துக்கு முன் இருந்த மதிப்பில் விலை கொடுக்கலாம். செலவில் நாலில் மூன்று பங்குவரை மத்திய அரசு தாங்கும். வாங்கிய நிலத்தில் இருக்கும் கட்டிடத்தை இடித்துவிட வேண்டும். அதன்பின் அந்த நிலம் என்றென்றும் வெட்டவெளியாகவே இருக்க வேண்டும், யாருக்கும் திரும்ப விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் மிக முக்கியமானது.

அவுஸ்திரேலியாவில் வேறு மாதிரிச் செய்தார்கள். 2011 ஜனவரியில் கிராந்தம் என்ற சிற்றூரை வெள்ளம் அடித்தது. உள்ளூராட்சி சபை பக்கத்து மேட்டில் 900 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி, பள்ளத்தில் காணி உள்ளவர்களுக்கு "உன் பள்ளக் காணியைத் தா, மேட்டுக் காணியை எடு" என்று மாற்றிக் கொடுத்தது. அதே வருட முடிவில் முதல் குடும்பங்கள் புது வீட்டுக்குப் போய்விட்டன. ஊர் கலையவில்லை. அயலவர் அயலவராகவே இருந்தார்கள்.

இதில் குறையும் இருக்கிறது. விருப்பமுள்ளவர் மட்டும் விற்றால் ஒரு வரிசையில் நாலு வீடு போய் இரண்டு வீடு மிஞ்சும். மிஞ்சிய இரண்டு வீட்டுக்கு ரோட்டும் தண்ணியும் பார்ப்பார் இல்லை. அரசாங்கத்தின் காசு வந்து சேர வருடக்கணக்காகும். அதற்குள் வீட்டைத் திருத்தி அங்கேயே இருந்துவிடுகிறார்கள். வாடகைக்கு இருப்பவருக்குக் கைக்குக் காசு குறைவு. வீட்டுக்காரருக்கு விலை கிடைக்கும், வாடகைக்காரர் மூட்டையைக் கட்ட வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை எடுக்க 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் காணியைப் பரிசோதிக்க அறிவித்தல் ஒட்டுவார்கள். அது 2ஆம் பிரிவு. பிறகு எடுக்கப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் எழுதித் தாருங்கள் என்று அறிவித்தல் வரும். அது 4ஆம் பிரிவு. எடுப்பதென்று முடிவானால், நட்டஈடு கேட்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று 7ஆம் பிரிவில் அறிவிப்பார்கள். அவசரம் என்றால் 38ஆம் பிரிவின்படி காணியை உடனே கையேற்கலாம். நட்டஈடு சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடப்படும். இந்த அறிவித்தல்கள் மூன்று மொழியிலும் வரும். காகிதத்தைப் படிக்காமல் அடுப்படியில் சொருகி வைத்தால் திகதி போய்விடும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தச் சட்டப்படி நட்டஈடு கேட்கக்கூடியவர் காணியில் உரித்துள்ளவர். மாத வாடகைக்கு இருப்பவரை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மன்னாரில் தாழ்நிலத்தில் குடியிருக்கும் உறவினர் இருந்தால், அவர்கள் கையில் உறுதியோ, அரச அனுமதிப் பத்திரமோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதியச் சொல்லுங்கள். வெள்ளம் வந்த பிறகு பத்திரம் தேடுவது வீடு எரியும்போது கிணறு வெட்டுவது போல.

வெட்டவெளியை யார் பார்ப்பது?

நிலத்தை எடுத்து வேலி போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஆள் பார்க்காத வெட்டவெளி ஒரு வருடத்தில் குப்பை மேடாகும். இரண்டாம் வருடம் யாராவது ஒரு கொட்டில் போடுவார். மூன்றாம் வருடம் அந்தக் கொட்டிலுக்கு வோட்டும் வந்துவிடும். ஆகவே வெட்டவெளிக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும்.

மன்னார்ப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன், பாதையின் இரு பக்கமும் விரிந்து கிடக்கும் சேற்று நிலத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது வங்காலைச் சரணாலயம். 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயமாக்கினார்கள், 2010இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அது விலைக்கு வாங்கிய நிலம் அல்ல. ஆனாலும் தண்ணிக்கு விட்ட நிலம் என்ன செய்யும் என்று கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. மழையில் தண்ணீரை வாங்கி வைக்கிறது. கண்டலும் சேறும் கடல் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. மீனும் இறாலும் அங்கே குஞ்சு பொரித்து வளர்ந்து கடலுக்குப் போகின்றன. கோடையில் மாடு மேயும். தூர தேசத்திலிருந்து பூநாரைகளும் மற்றப் பறவைகளும் வருகின்றன. ஒரு வீடும் இல்லாத நிலம் எத்தனை வீட்டுக்குச் சோறு போடுகிறது பாருங்கள்.

கொழும்பிலும் ஒரு உதாரணம் உண்டு. கோட்டே, பத்தரமுல்லைப் பக்கத்துச் சதுப்புகளில் ஒரு பகுதி வெள்ளம் தேங்கும் இடமாகக் காப்பாற்றப்படுகிறது. பெத்தகானவில் அப்படியான சதுப்பில் மரப் பாலங்கள் போட்டுப் பூங்காவாக்கினார்கள். ஆட்கள் காலையில் நடக்கிறார்கள், பிள்ளைகள் பறவை பார்க்கிறார்கள், மழைக்கு அது தண்ணீரை வாங்குகிறது. இதற்கு மாறாக, 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கத்துத் தாழ்நிலக் குடியிருப்புகள் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்ததையும் மறக்கக் கூடாது. ஒரே நகரம், ஒரே மழை.

ஆகவே வெட்டவெளியில் எதை வைக்கலாம்? நனைந்தாலும் கெடாததை வைக்கலாம். விளையாட்டு மைதானம், மேய்ச்சல் தரை, குளம், பனை, தாழை, கண்டல், கோடையில் மீன் காயப்போடும் இடம். எதை வைக்கக் கூடாது? நனைந்தால் ஆளைக் கொல்வதை வைக்கக் கூடாது. வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மலசலகூடக் குழி, குப்பைக் கிடங்கு ஆகியவை அங்கே வரவே கூடாது.

நமது மலைக்கு வருவோம்

"எங்க தோட்டத்துல வெள்ளம் இல்லையே" என்று கேட்பீர்கள். கான் ஓரத்திலும் ஆற்றோரத்திலும் லயம் உள்ள தோட்டங்களில் வெள்ளமும் இருக்கிறது. அதைவிடப் பெரிது மண்சரிவு. அங்கே தண்ணீர் பள்ளத்தில் நிற்கிறது. இங்கே அதே தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் வீடு கிடைத்தது 2016இல். 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த மழை மலைநாட்டில் மறுபடியும் எத்தனை குடும்பத்தைப் புதைத்தது என்பது நமக்கெல்லாம் தெரியும்.

இப்போது அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வீட்டுக்காரர் நிலத்தை விற்றார், அல்லது மாற்றினார். நம்மிடம் விற்க என்ன இருக்கிறது? தோட்ட நிலம் அரசாங்கத்துடையது. 1992இலிருந்து கம்பெனிகள் கையில் இருக்கிறது. நாலு தலைமுறை குடியிருந்த காம்பராவுக்கு நம்மில் பெரும்பாலானோரிடம் ஒரு துண்டு உறுதி இல்லை. ஆகவே நமது இடத்தை யாரும் "வாங்க" முடியாது. வாங்காமலே எழுப்ப மட்டும் முடியும். இதனால்தான் நமது ஆட்கள் எழும்ப மறுக்கிறார்கள். அது அறியாமை அல்ல, கணக்குத் தெரிந்த பயம்.

ஆகவே நமக்கு "விலை" என்பது காசு அல்ல. பாதுகாப்பான இடத்தில் வீடும், அந்த வீட்டுக்குக் குடும்பத்தின் பெயரில் உறுதியும். கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இன்னும் நல்லது. உறுதி இல்லாத வீடு இன்னொரு லயம்தான்.

இரண்டாவது பாதி நமது கையில் இருக்கிறது. ஆபத்தென்று ஆட்களை எழுப்பிய லயத்தில் மூன்றாம் மாதம் அடுப்புப் புகை வருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். யார் போகிறார்கள்? புதுசாகக் கல்யாணம் முடித்த பிள்ளைகள், ஒரே காம்பராவில் எட்டுப் பேராக இருந்தவர்கள், வெளியிலிருந்து கொந்தராப்பு வேலைக்கு வந்தவர்கள். இடம் இல்லாதவர் வெற்றுக் காம்பராவைப் பார்த்தால் போகத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அடுத்த மழையில் மண் ஆளைப் பார்த்து இறங்காது. எனவே குடும்பங்கள் புது வீட்டுக்குப் போன அதே மாதத்தில் பழைய லயத்தை இடித்துவிட வேண்டும். கூரைத் தகரத்தையும் மரத்தையும் அந்தக் குடும்பங்களே எடுத்துக்கொள்ளட்டும். அந்த இடத்தில் மானாப்புல்லும், ஆழமாக வேர்விடும் மரங்களும் வைத்து, மேலே உள்ள கான்களை அடைபடாமல் பார்க்க வேண்டும். மரக்கறித் தோட்டம் என்று மண்ணைக் கொத்தக் கூடாது. மாரியம்மன் கோவிலோ, பெரியவர்கள் சமாதியோ இருந்தால் திருவிழாவுக்கும் நினைவு நாளுக்கும் போய் வரலாம். தங்கக் கூடாது.

இடம் மாறச் சொன்னால் கேட்க வேண்டியவை

தலைவர்மாரும், மாதர் சங்கமும், இளைஞர்களும் சேர்ந்து இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. இந்த இடம் ஆபத்து என்று சொன்ன அறிக்கை எது, எந்தத் திகதி? அதன் பிரதியைத் தருவார்களா?

2. போகும் இடத்தையும் அதே நிறுவனம் பரிசோதித்ததா? மழைக்காலத்தில் பார்த்தார்களா?

3. வீட்டுக்கு உறுதி எப்போது, யார் பெயரில்?

4. மலைக்கும், பாடசாலைக்கும், பிள்ளை மடுவத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு தூரம்? பஸ் உண்டா?

5. ஒரு லயத்து ஆட்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியேற முடியுமா?

6. விட்டு வந்த இடத்தை எப்போது இடிப்பார்கள், அதன்பின் யார் பொறுப்பு?

மன்னாரிலோ, வேறு எங்கோ சொந்தக் காசில் காணி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும், வெளிநாட்டுக்குப் போன பெண்களும் வியர்வை சிந்தி அனுப்பிய காசு அது. காணியைக் கார்த்திகை மாதம் போய்ப் பாருங்கள். அயல் வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரகரிடம் கேட்காமல் அந்த ஊர்க் கிழவியிடம் கேளுங்கள். கிராம அலுவலரிடம் பழைய வெள்ளத்தைப் பற்றி விசாரியுங்கள். மலிவாகக் கிடைக்கும் காணியில் பெரும்பாலும் தண்ணீர் முன்னமே குடியிருக்கிறது.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

நமது தோட்டத்தில் மழைநீர் எங்கே சேர்ந்து எந்த வழியாகப் போகிறது? அந்த வழியில் யார் வீடு இருக்கிறது? சென்ற பத்து வருடத்தில் எழுப்பிய லயங்கள் இப்போது எப்படி இருக்கின்றன? அங்கே மறுபடி குடியிருப்பவர்கள் யார், அவர்களுக்கு இடம் கேட்க நாம் என்ன செய்தோம்? ஒரு பெரிய தாளில் பிள்ளைகளைக் கொண்டு தோட்டத்தின் படம் வரைந்து, இவற்றைக் குறித்துப் பாருங்கள். அந்தத் தாளைச் சங்கக் கூட்டத்துக்கும், தோட்டக் கந்தோருக்கும், பிரதேச செயலகத்துக்கும் கொண்டுபோகலாம்.

அந்த அம்மாவுக்கு அன்று எங்களிடம் முழுப் பதில் இருக்கவில்லை. "இன்னைக்கு ராத்திரி உயிரோட இருங்கம்மா, நாளைக்குக் காலையில சேர்ந்து கேப்போம்" என்று மட்டும் சொன்னோம். அவர் ஒரு பெட்டியையும் சாமிப் படத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். நாளைக் காலையில் கேட்க வேண்டியதை இன்றே படித்து வைப்போம்.